97, ஆர்ச்சர்ட் தெரு: ஒரு ஜெர்மன் தையல்காரர் கட்டிய வீடு

பழையசுவர்:
நியூயார்க் பற்றி இங்கே எத்தனையோ இழைகள் ஓடியிருக்கின்றன. வானுயர்ந்த கட்டடங்கள், பாலங்கள், அருங்காட்சியகங்கள் எல்லாம் பேசியாயிற்று. மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் இருக்கும் ஒரு ஐந்து மாடிச் செங்கல் வீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஆர்ச்சர்ட் தெரு, எண் 97. என்னைக் கேட்டால் அந்த நகரத்திலேயே முக்கியமான வீடு அதுதான்.

கட்டியவர் லூகாஸ் கிளாக்னர். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய தையல்காரர். இன்னும் இரண்டு பேரோடு கூட்டுச் சேர்ந்து, ஒரு பழைய தேவாலயத்தின் மனையை வாங்கி, 1863இல் இந்த வீட்டை எழுப்பினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த வருடம் அது. அந்த ஜூலையில்தான் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கே கலவரத்தில் எரிந்தது. 300 டாலர் கட்டினால் போருக்குப் போகாமல் தப்பிக்கலாம் என்ற சட்டம் ஏழைகளைக் கொதிக்க வைத்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தையல்காரர் தன் சேமிப்பைச் செங்கல்லில் போட்டிருக்கிறார்.

ஒரு தளத்துக்கு நான்கு குடித்தனம். ஒவ்வொன்றும் சுமார் 325 சதுர அடி, மூன்று அறைகள்: முன்னறை, நடுவில் சமையலறை, உள்ளே படுக்கையறை. 1863 முதல் 1935 வரை அங்கே ஏறக்குறைய 7,000 பேர் வாழ்ந்திருக்கிறார்கள். இருபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள். இன்று அது டெனமென்ட் அருங்காட்சியகம். டெனமென்ட் என்றால் பல குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் ஒண்டுக்குடித்தன வீடு. பார்த்தவர்கள், படித்தவர்கள் எழுதுங்கள்.

மாடிப்படி:
நான் பார்த்திருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் வரும் அந்த இருட்டு நடைதான் முதலில் தாக்கும். வேண்டுமென்றே வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், பழைய ஆட்கள் ஏறி இறங்கிய இருட்டு நமக்கும் தெரியட்டும் என்று. மரக் கைப்பிடி தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது.

நேர்கோடு:
எனக்கு இதில் ஒரு உறுத்தல் உண்டு, சொல்லிவிடுகிறேன். கிளாக்னரைக் கைத்தொழிலாளி என்று மட்டும் பார்ப்பது சரியா? அவர் அந்த வீட்டை வாடகைக்காகக் கட்டினார். மூன்று அறைகளில் ஒன்றுக்குத்தான் நேரடி வெளிச்சம். மற்ற இரண்டும் பகலிலும் இருட்டு. வீட்டுக்குள் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. எல்லாம் கொல்லைப்புறத்தில். ஐந்தாவது மாடியில் இருக்கும் ஒரு தாய் குளிக்க, சமைக்க, துவைக்க வேண்டிய ஒவ்வொரு வாளியையும் கீழேயிருந்து சுமந்து ஏற வேண்டும். இப்படி ஒண்டுக்குடித்தனத்தை வடிவமைத்து வாடகை வாங்கியவர் பெயரை முன்னால் வைத்து நினைவிடம் எழுப்புவது எனக்கு உவப்பாக இல்லை. அங்கே குடியிருந்தவர்கள் பெயரில் பேசுவோம்.

பழையசுவர்:
நேர்கோடு, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 1863ஐ 1863இல் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்போது இந்த மாதிரி வீடுகளுக்கென்று நகரத்தில் ஒழுங்கான சட்டமே இல்லை. முதல் சட்டம் 1867இல்தான் வந்தது. அதுகூடக் கேட்டது தீயணைப்புப் படிகளும், இருபது பேருக்கு ஒரு கழிப்பறையும் மட்டுமே. 1879 சட்டம் புதிதாகக் கட்டும் வீடுகளுக்குக் காற்றோட்டக் குழி வேண்டும் என்றது. 1901 சட்டம்தான் பழைய வீடுகளையும் விடாமல் பிடித்தது: உள்ளறைகளுக்குச் சன்னல், நடையில் விளக்கு, இரண்டு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, அதுவும் வீட்டுக்குள். கிளாக்னர் கட்டி ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகும் வரை மாநில அரசே இதைக் கேட்கவில்லை.

அதற்கு முன்பு வந்திறங்கியவர்கள் எங்கே இருந்தார்கள்? பணக்காரர்கள் காலிசெய்துவிட்டுப் போன ஒற்றைக் குடும்ப வீடுகளைத் தடுப்புப் போட்டுப் பிரித்த அறைகளில், அல்லது நிலவறைகளில், அல்லது கொல்லையில் எழுப்பிய மரக் கொட்டகைகளில். அவற்றோடு வைத்துப் பார்த்தால், பல குடும்பங்களுக்காகவே செங்கல்லில் திட்டமிட்டுக் கட்டிய வீடு ஒரு படி மேல். இன்னொன்று, கிளாக்னர் வாடகையை எண்ணிக்கொண்டு எங்கோ மேட்டுத் தெருவில் இருக்கவில்லை. தன் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியேறினார். அதே கொல்லைப்புறக் கழிப்பறைதான் அவருக்கும்.

நேர்கோடு:
அதே வீட்டில் இருந்தார் என்பதை மதிக்கிறேன். ஆனால் உரிமையாளர் நினைத்தால் வேறு இடம் போகலாம். குடியிருப்பவர் போக முடியாது. அந்த வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது என்பதுதான் என் கட்சி.

ஊசிநூல்:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தையல். அதனால் இந்த இழையைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். நேர்கோடு சாரின் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு தையல்காரர் ஏன் வீடு கட்டப் போனார் என்பதை அந்தத் தொழிலின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள்.

1850களில் நியூயார்க் தையல்காரர்களில் பாதிக்கும் மேல் ஜெர்மானியர்கள். ஊரில் பயிற்சி முடித்து, உடம்பளவு எடுத்து முழு கோட்டும் தனியாளாகத் தைக்கத் தெரிந்து வந்தவர்கள். இங்கே வந்தால் ஆயத்த ஆடை வியாபாரம் வளர்ந்துகொண்டிருக்கிறது. வெட்டிய துணி மூட்டையாக வரும், வீட்டிலேயே தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பீஸ் ரேட் கூலி. கணவன் மெஷினில், மனைவி கச்சாத் தையலில், பிள்ளைகள் பட்டன் கட்டுவதில் என்று குடும்பமே உட்கார்ந்தால்தான் சாப்பாடு. சீசன் போனால் வேலையே கிடையாது. முழுத் தொழில் தெரிந்தவன் துண்டுத் தொழிலாளி ஆகிவிட்ட காலம் அது.

அந்தக் காலத்தில் மெஷினும் புதுசு. ஐசக் சிங்கர் காப்புரிமை வாங்கியது 1851இல். 1856 வாக்கில் அவர் நிறுவனம் தவணை முறையில் விற்க ஆரம்பித்தது. நம் பாட்டிமார் வீட்டில் இருந்த அதே சிங்கர்தான். அவருடைய அப்பாவும் ஜெர்மனியிலிருந்து போனவர். மெஷின் வந்ததும் வேகம் கூடியது, பீஸுக்கான கூலி இறங்கியது.

இப்படிப்பட்ட தொழிலில் இருப்பவனுக்குக் கண்ணும் முதுகும் போன பிறகு என்ன இருக்கிறது? ஓய்வூதியம் உண்டா? கையில் நாலு காசு சேர்ந்தால் கூட்டுச் சேர்ந்து ஒரு மனை வாங்கி வாடகை வரும்படி செய்துகொள்வதுதான் அவனுக்குத் தெரிந்த பாதுகாப்பு. கிளாக்னர் மட்டுமில்லை, அந்தப் பகுதியில் வீடு கட்டியவர்களில் நிறையப் பேர் இவரைப் போலக் குடியேறிய கைத்தொழிலாளிகளும் சின்ன வியாபாரிகளும்தான்.

மாடிப்படி:
ஊசிநூல் அக்கா, இதை வாசித்த பிறகு அந்த வீடே எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

கடற்கரைச்சாலை:
இந்தப் பகுதிக்கு அப்போது க்ளைன்டாய்ச்லாந்து என்று பெயர், சின்ன ஜெர்மனி. பதினான்காம் தெருவிலிருந்து தெற்கே டிவிஷன் தெரு வரை, பவரி தெருவிலிருந்து கிழக்கு ஆறு வரை. 1850களின் நடுவில் பெர்லின், வியன்னாவுக்கு அடுத்து ஜெர்மன் பேசுபவர்கள் அதிகமாக வாழ்ந்த நகரம் நியூயார்க்தான் என்று சொல்வார்கள்.

ஏன் வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1840களின் நடுவில் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்தது. நிலம் துண்டு துண்டாகப் பிரிந்து விவசாயக் குடும்பங்களுக்குப் போதாமல் போனது. தொழிற்சாலைச் சரக்கு வந்து கைத்தொழில்களை நசுக்கியது. ஜெர்மன் நாடுகளில் 1848 புரட்சி தோற்ற பிறகு அரசியல் காரணமாக ஓடிவந்தவர்கள் வேறு. பிரேமன், ஹாம்பர்க் துறைமுகங்களிலிருந்து கப்பல். 1855க்குப் பிறகு வந்தவர்கள் மன்ஹாட்டன் தென்முனையில் இருந்த காசில் கார்டன் குடியேற்ற நிலையத்தில் இறங்கினார்கள். எல்லிஸ் தீவு நிலையம் அப்போது கிடையாது, அது 1892இல்தான் திறந்தது.

அப்புறம் ஒரு விஷயம். கிளாக்னர் வீடு கட்டிய வருடத்தில் ஜெர்மனி என்ற ஒரே நாடே இல்லை. 1871இல்தான் அது ஒன்றானது. அதற்கு முன்பு பவேரியாக்காரர், பிரஷ்யாக்காரர், ஹெஸ்ஸேக்காரர் என்றுதான் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். சங்கங்கள்கூடப் பலவும் ஊர்வாரியாக இருந்தன. நியூயார்க்குக்கு வந்த பிறகுதான் மற்றவர்கள் கண்ணில் எல்லோரும் ஜெர்மானியர் ஆனார்கள்.

வெள்ளைப்பலகை:
அந்த வீட்டின் அடித்தளத்தில் பியர்க்கடை இருந்தது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பழையசுவர்:
உண்மை. ஜான் ஷ்னைடர், கரோலின் ஷ்னைடர் தம்பதியின் கடை. 1864இல் திறந்தார்கள், 1886 வரை நடந்தது. ஜான் பவேரியாவில் பிறந்தவர், கரோலின் பிரஷ்யாக்காரி. ஜான் உள்நாட்டுப் போரில் வட தரப்புப் படையில் இசைக்கலைஞராக இருந்தவர்.

பியர்க்கடை என்றதும் நம் ஊர்க் கடைகளை நினைக்கக்கூடாது. குடும்பத்தோடு வந்து உட்காரும் இடம் அது. பியர் வாங்கினால் சாப்பாடு சேர்த்துக் கிடைக்கும், அந்தச் சமையல் முழுவதும் கரோலின் கை. பின்னறையில் சங்கக் கூட்டங்கள் நடக்கும். பாட்டுக் குழு, நோய்க்கும் சாவுக்கும் பணம் கொடுக்கும் உதவிச் சங்கம், தொழிற்சங்கம் எல்லாம் கூடியது இந்த மாதிரிப் பின்னறைகளில்தான். வேலை தேடுகிறவன் தகவல் கேட்க வருவதும் அங்கேதான். மேலே 325 சதுர அடியில் மூச்சு முட்டும் குடும்பங்களுக்கு இது இன்னொரு கூடம் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மது விற்கக்கூடாது என்ற சட்டம் ஜெர்மானியர்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. வாரத்தில் ஆறு நாள் வேலை. மிச்சம் இருக்கும் ஒரே நாளையும் பூட்டச் சொன்னால் யார் ஒப்புவார்கள்? இன்று அந்தக் கடையை அப்படியே மறுபடி அமைத்திருக்கிறார்கள். கரோலின் 1885இல் காசநோயில் இறந்தார். அடுத்த வருடம் கடை மூடியது. யார் அந்தக் கடையைத் தாங்கிப் பிடித்திருந்தார் என்பது அதிலேயே தெரிகிறது.

ஊசிநூல்:
கரோலினைச் சொன்னீர்கள், நதாலி கும்பர்ட்ஸைச் சொல்லாமல் விட முடியாது. இந்த வீட்டில் என் மனதை உலுக்கியது அவர் கதைதான்.

நதாலியும் கணவர் ஜூலியஸும் பிரஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள். ஜூலியஸ் செருப்புத் தொழிலில் இருந்தார். 1873 செப்டம்பரில் பெரிய வங்கி ஒன்று கவிழ்ந்து நாடு முழுவதும் பொருளாதாரம் சரிந்தது. 1874 ஜனவரியில் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் வேலை கேட்டுக் கூடியவர்களைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. அடி வாங்கியவர்களில் ஜெர்மன் தொழிலாளிகள் நிறைய. அதே வருடம் அக்டோபர் 7, காலையில் வேலைக்குப் புறப்பட்ட ஜூலியஸ் திரும்பி வரவே இல்லை.

நதாலிக்குச் சின்னச் சின்னப் பிள்ளைகள். என்ன செய்தார்? அந்த முன்னறையையே தையல் கடை ஆக்கினார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். வெளிச்சம் வரும் ஒரே அறையும் அதுதான் என்பதை மறக்காதீர்கள். காஜா எடுக்க, கோடு பிசகாமல் தைக்க வெளிச்சம் வேண்டும். 1883இல் ஜூலியஸின் தந்தை விட்டுப்போன 600 டாலர் பங்கு வந்தது. அதை வாங்குவதற்காக, கணவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றத்தில் சட்டப்படி அறிவிக்கச் செய்தார். அந்தப் பணம் வந்ததும் வடக்கே யார்க்வில் பக்கம் குடிபோனார். அந்த வழக்குத்தாள் இருந்ததால்தான் நதாலி நமக்குத் தெரிகிறார்.

நேர்கோடு:
இதைத்தான் நானும் சொன்னேன். இந்த வீட்டின் வரலாறு நதாலியுடையது.

ஊசிநூல்:
நதாலியுடையதும். சார், வரிசையாகப் பாருங்கள். கட்டியவர் தையல்காரர். 1870களில் நதாலி உடை தைக்கிறார். 1890களில் போலந்திலிருந்து வந்த ஹாரிஸ் லெவீன், ஜென்னி லெவீன் அதே மாதிரி ஒரு முன்னறையில் கூலியாட்களை வைத்து ஆடைப் பட்டறை நடத்துகிறார்கள். மெஷின்காரர் சன்னலோரம், கச்சாத் தையல் போடுபவர் பக்கத்தில், அயர்ன் மாஸ்டர் சமையலறை அடுப்பில் இரும்பைச் சூடேற்றுகிறார். அதே அடுப்பில்தான் ஜென்னி குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும். அடுத்து ரோகார்ஷெவ்ஸ்கி குடும்பம், லிதுவேனியாவிலிருந்து வந்தவர்கள். ஆபிரகாம் ஆடைத் தொழிலில் அயர்ன் வேலை பார்த்தவர், 1918இல் காசநோயில் இறந்தார். தையல்காரர்களின் நோய் என்றே அதற்கு அப்போது பெயர். அவர் மனைவி ஃபேனி அந்த வீட்டையே பெருக்கிப் பராமரிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டு பிள்ளைகளோடு அங்கேயே தங்கினார்.

ஒரு தையல்காரர் கட்டிய வீட்டில் ஊசி நிற்கவே இல்லை. கிளாக்னரை எடுத்துவிட்டு நதாலியை மட்டும் வைத்தால் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். உரிமையாளர் ஒரு பக்கம், குடியிருப்பவர் ஒரு பக்கம் என்று பிரித்தால் தொழில் கண்ணுக்கே தெரியாது.

நேர்கோடு:
இந்த வாதத்தை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. தொழில் வழியாகப் பார்த்தால் கிளாக்னருக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் சட்டம் வந்தபோது உரிமையாளர்கள் நடந்துகொண்ட விதத்தையும் பதிவு செய்யுங்கள்.

பழையசுவர்:
செய்ய வேண்டியதுதான். 1901 சட்டத்தை உரிமையாளர்கள் பலர் எதிர்த்தார்கள். கழிப்பறையை உள்ளே வைக்கச் சொல்வது செல்லாது என்று போன ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1906இல் தோற்றது. 97ஆம் எண் வீட்டில் 1905 வாக்கில் நடையில் கழிப்பறைகள் வந்தன, ஒரு தளத்துக்கு இரண்டு. உள்ளறைக் காற்றுக்காகச் சுவரில் சன்னல் வெட்டினார்கள். 1900இல் அந்த வீட்டில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள் என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசியில் 1935. தீப்பாதுகாப்புக்காகப் படிக்கட்டை மாற்றியாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, அப்போதைய உரிமையாளர் செலவு செய்ய மனமில்லாமல் மேல்தளக் குடித்தனக்காரர்களை வெளியேற்றிவிட்டார். சிசிலியிலிருந்து வந்த பால்டிஸி குடும்பம் கடைசியாகப் போனவர்களில் ஒன்று. கீழே கடைகள் மட்டும் நடந்தன. மேலே அரை நூற்றாண்டுக்குமேல் பூட்டியே கிடந்தது.

பூட்டிக் கிடந்ததால்தான் பிழைத்தது. 1988இல் ரூத் ஆப்ரம், அனிதா ஜேக்கப்சன் இருவரும் அருங்காட்சியகத்துக்குக் கடை இடம் தேடி வந்து இதைக் கண்டுபிடித்தார்கள். சுவரில் அடுக்கடுக்காக ஒட்டிய காகிதம், பழைய தரைவிரிப்பு, 1905இன் கழிப்பறைகள் எல்லாம் அப்படியே. ஆட்கள் இருந்திருந்தால் எத்தனை முறை இடித்துப் புதுப்பித்திருப்பார்கள்! 1994இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. எல்லா அறையையும் அவர்கள் சீரமைக்கவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. சில குடித்தனங்களைக் கண்டெடுத்த பாழ்நிலையிலேயே விட்டிருக்கிறார்கள்.

வெள்ளைப்பலகை:
சமீபத்தில் அங்கே வசிக்காத ஒரு குடும்பத்தின் கதையைச் சேர்த்தார்கள் என்று ஒரு சர்ச்சை ஓடியதே, அது என்ன?

கடற்கரைச்சாலை:
மூர் குடும்பம். 1869இல் 97ஆம் எண் வீட்டில் ஜோசப் மூர் என்ற ஐரிஷ்காரர் இருந்தார், உணவக ஊழியர். அந்தக் கால நகர விவரப் புத்தகத்தில் அவர் பெயரைத் தேடினால் இன்னொரு ஜோசப் மூரும் வருகிறார். அவரும் உணவக ஊழியர், ஆனால் கறுப்பர் என்ற குறிப்போடு. இவரும் மனைவி ரேச்சலும் வாழ்ந்தது இன்றைய சோஹோ பகுதியில். 97ஆம் எண்ணில் அல்ல. 2023 கடைசியில் இவர்கள் குடித்தனத்தை இந்த வீட்டின் ஓர் அறைத்தொகுதியில் மறுபடைப்பாக வைத்தார்கள். அங்கே வாழாதவர்களை ஏன் வைக்கிறீர்கள் என்று எதிர்ப்பும் வந்தது.

பழையசுவர்:
எனக்கு இதில் மனச்சங்கடம் உண்டு. அந்த அருங்காட்சியகத்தின் பலமே, இந்தச் சுவருக்குள் இந்த ஆள் வாழ்ந்தார் என்று சொல்ல முடிவதுதான். நதாலி தொட்ட கதவு, ஃபேனி துடைத்த படி. அதை ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அடுத்தது எங்கே நிற்கும்?

மாடிப்படி:
எனக்கு அப்படித் தோன்றவில்லை அண்ணா. மூர்கள் இங்கே வாழவில்லை என்பதைச் சுற்றிக்காட்டுபவர்கள் தெளிவாகவே சொல்கிறார்கள், மறைக்கவில்லை. கறுப்பர் குடும்பம் வாழ்ந்த அதுபோன்ற வீடு ஒன்றுகூடப் பூட்டிக் கிடந்து நமக்குக் கிடைக்கவில்லை, எல்லாம் இடிபட்டுப்போனது. அதற்காக அவர்களைப் பற்றிப் பேசாமலே இருப்பதா? ஒரே தொழில், ஒரே பெயர், ஒரே வருடம், ஒருவருக்கு மட்டும் பெயருக்குப் பக்கத்தில் நிறத்தைக் குறித்திருக்கிறார்கள். கிளாக்னருக்கு மனை வாங்கக் கிடைத்த வாய்ப்பு அந்த ஜோசப் மூருக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் புரியும்.

நேர்கோடு:
மாடிப்படி சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன்.

பழையசுவர்:
வாய்ப்பு பற்றிச் சொன்னது சரியான பேச்சு. ஆனால் தனி இடத்தில், பக்கத்தில் அவர்களுடைய 103ஆம் எண் கட்டடத்தில் வைத்திருக்கலாம் என்பதில் நான் மாறவில்லை.

வெள்ளைப்பலகை:
அவ்வளவு ஜெர்மானியர்களும் எங்கே போனார்கள்? இன்று அந்தப் பகுதியில் யாருமே இல்லையே.

கடற்கரைச்சாலை:
வசதி வந்தவர்கள் 1880களிலேயே யார்க்வில், புரூக்ளின் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். மீதியிருந்த சமூகத்தை உடைத்தது 1904 ஜூன் 15. ஆறாம் தெருவில் இருந்த புனித மாற்கு லூத்தரன் சபையார் வருடாந்திர உல்லாசப் பயணத்துக்கு ஜெனரல் ஸ்லோகம் என்ற நீராவிப் படகை அமர்த்தினார்கள். அன்று புதன்கிழமை, ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். படகில் பெரும்பாலும் தாய்மாரும் பிள்ளைகளும். கிழக்கு ஆற்றில் தீப்பிடித்தது. உயிர்காப்பு மிதவைகள் உளுத்துப்போயிருந்தன, தீயணைப்புக் குழாய்கள் தண்ணீர் திறந்ததும் வெடித்தன. 1,021 பேர் இறந்தார்கள். 2001 செப்டம்பர் வரை நியூயார்க் ஒரே நாளில் அத்தனை பேரை இழந்ததில்லை. மனைவி மக்களை இழந்த ஆண்கள் அந்தத் தெருக்களில் இருக்க முடியாமல் வெளியேறினார்கள். பிறகு முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் பேச்சே வெளியில் அடங்கிவிட்டது.

மாடிப்படி:
டிசம்பரில் அம்மாவோடு போகலாம் என்றிருக்கிறேன். போன தடவை வீட்டை மட்டும் பார்த்தேன். சின்ன ஜெர்மனியின் மிச்சங்களையும் சேர்த்துப் பார்க்க வழி சொல்லுங்கள்.

கடற்கரைச்சாலை:
டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் தொடங்குங்கள். ஸ்லோகம் நினைவு நீரூற்று அங்கே இருக்கிறது, 1906இல் வைத்தது. அங்கிருந்து கிழக்கு ஆறாம் தெரு, பழைய புனித மாற்கு தேவாலயக் கட்டடம். 1940இல் அது யூத வழிபாட்டுக்கூடம் ஆனது. அடுத்து செயின்ட் மார்க்ஸ் பிளேஸ், எண் 12, ஜெர்மன் துப்பாக்கி சுடும் சங்கத்தின் மாளிகை. மேலே அவர்கள் மொழியிலேயே ‘ஒற்றுமையே பலம்’ என்று செதுக்கியிருப்பதைப் பாருங்கள். திரும்பினால் செகண்ட் அவென்யூவில் ஒட்டன்டோர்ஃபர் நூலகம், 1884. பக்கத்திலேயே ஜெர்மானியர் இலவச மருத்துவமனைக் கட்டடம். பிறகு தெற்கே நடந்தால் ஆர்ச்சர்ட் தெரு.

பழையசுவர்:
சீட்டு 103ஆம் எண்ணில் கிடைக்கும், டெலன்ஸி தெரு முனையில். வழிகாட்டியோடு மட்டுமே வீட்டுக்குள் விடுவார்கள், அதனால் முன்பதிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றும் ஒன்றிரண்டு குடும்பங்களை மட்டுமே காட்டும். நதாலியைப் பார்க்க வேண்டுமென்றால் கும்பர்ட்ஸ் வீடு அந்தச் சுற்றில் உண்டா என்று பார்த்து எடுங்கள். ஷ்னைடர் கடைக்குத் தனிச் சுற்று. 97ஆம் எண்ணில் மின்தூக்கி கிடையாது, அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் எந்தத் தளம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசிநூல்:
லெவீன் பட்டறையையும் விட்டுவிடாதே தங்கச்சி. சமையலறை அடுப்பின் மேல் அயர்ன் இரும்பு எங்கே வைத்திருக்கிறார்கள், மெஷின் சன்னலுக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து வந்து இங்கே எழுது.